டீ மேக்கர் பார்த்த பொடுகு

எதை வாயில் வைத்தாலும் "நல்லா இருக்குதுங்க" என்று ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லத் தெரியாத மனிதரை நான் குன்னூரில்தான் பார்த்தேன். ஊரில் எல்லோரும் அவரை டீ மேக்கர் என்றுதான் கூப்பிட்டார்கள். தேயிலை ஃபேக்டரியில் பச்சை இலை வந்து இறங்குவதிலிருந்து தூளாகி மூட்டை கட்டுகிற வரைக்கும் பொறுப்பாக இருப்பவருக்கு அதுதான் பதவி. அவர் பொறுப்பிலிருந்த ஃபேக்டரியைப் பூட்டிவிட்டார்கள். பதவி போயும் பெயர் போகவில்லை. வேறு பெயரில் கூப்பிட்டிருந்தால் அவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்.

முதல் தடவை அவர் எங்கள் மளிகைக் கடைக்கு வந்தது நன்றாக நினைவிருக்கிறது. நான் கல்யாணமாகிக் கோபியிலிருந்து மலையேறி வந்து ஒரு வருடம்கூட ஆகாத சமயம். காதை மூடிய கம்பளிக் குல்லா, காப்பிக்கொட்டை நிறத்தில் ஸ்வெட்டர், பின்பக்கம் சட்டைக் காலரில் கொக்கி போட்டுத் தொங்கவிட்ட கறுப்புக் குடை. யாரையும் கேட்காமல் டீத்தூள் மூட்டையில் கையை விட்டு ஒரு சிட்டிகை எடுத்தார். பொட்டலம் கட்டுகிற வெள்ளைக் காகிதத்தில் பரப்பி, ஊதி, மோந்து, நாக்கு நுனியில் வைத்தார். வெளியே போய்ச் சாக்கடையில் துப்பிவிட்டுத் திரும்பி வந்தார்.

"இதுல பாதி தேயிலைங்க. மீதி என்னன்னு நாஞ்சொன்னா உங்களுக்கு வருத்தம் வந்துரும்" என்றார் என் வீட்டுக்காரரிடம்.

கடையில் ஆள் நிறைய இருந்தது. என் வீட்டுக்காரருக்கு முகம் சுண்டிப் போய்விட்டது. டீத்தூள் வாங்க வந்த அம்மாள் காப்பித்தூள் வாங்கிக்கொண்டு போனாள். அப்படி மானத்தை வாங்கிய ஆளுக்கும் இவருக்கும் பிறகு எப்படித்தான் சிநேகம் ஒட்டியதோ, எனக்குத் தெரியாது. சாயங்காலமானால் டீ மேக்கர் கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். அரிசி, பருப்பு, பக்கத்துக் கடை முறுக்கு, யார் வீட்டுக் கல்யாணச் சாப்பாடு என்று எல்லாவற்றுக்கும் தரம் போட்டுக்கொண்டிருப்பார். தன் சொந்தச் சம்பந்தி வீட்டிலேயே, நிச்சயத்தன்று, "டீயில சாக்கு வாசம் அடிக்குதுங்க" என்று சொன்னவர். அந்தக் கல்யாணம் நடந்தது அவர் சம்சாரத்தின் சாமர்த்தியம்.

தேயிலை விலை படுத்துவிட்ட வருடங்கள் அவை. பச்சை இலைக்குக் கிடைக்கிற காசு பறிக்கிற கூலிக்கே கட்டவில்லை என்று பல தோட்டங்களில் பறிக்காமலே விட்டார்கள். இடுப்பளவு இருக்க வேண்டிய செடி ஆளை மறைக்கிற உயரத்துக்குப் போனது. இத்தலார் பக்கம் சிலர் தேயிலையைப் பிடுங்கிவிட்டு கேரட் போட்டார்கள். இளவட்டங்கள் திருப்பூருக்கு பனியன் கம்பெனி வேலைக்கு இறங்கிப் போனார்கள். அந்தச் சமயத்தில் ஃபேக்டரி முதலாளி எப்படியோ ஒரு வியாபாரியைப் பிடித்துக் கூட்டி வந்து, "எங்க டீ மேக்கரையே கேட்டுக்கங்க" என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். இவர் ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு, "போன வாரம் வந்ததெல்லாம் முத்தல் இலைங்க. இதை வாங்காதீங்க" என்று சொல்லிவிட்டார். வியாபாரி போய்விட்டார். கொஞ்ச நாளில் ஃபேக்டரியும் போய்விட்டது. விலையில்லாமல் பூட்டினார்கள் என்று முதலாளி சொன்னார். டீ மேக்கரின் வாயால் பூட்டினார்கள் என்று ஊர் சொன்னது. அவரையே கேட்டால், "ரெண்டுந்தானுங்க" என்பார்.

இப்படிப்பட்ட வாயை நம்பித்தான் என் நாயின் கதி இருந்தது.

என் நாய் மிளகு. கடை மூட்டைகளுக்கு நடுவில் குட்டியாக வந்து படுத்தவன். உடம்பு முழுக்க ஒரு வெள்ளை முடி கிடையாது. காலையில் என் வீட்டுக்காரர் கடைக்குப் போனால் இருட்டித்தான் வருவார். மலையில் எனக்குப் பேச்சுத்துணை என்று இருந்தது மிளகு ஒருத்தன்தான். நான் பேசுவேன், அவன் காதை மட்டும் ஆட்டுவான். பல வீடுகளில் புருஷன் அதைக்கூடச் செய்வதில்லை.

நாங்கள் குடியிருந்தது ஒரு பெரிய வீட்டின் பின்கட்டு. முன்கட்டில் வீட்டுச் சொந்தக்காரி இருந்தார். வீட்டுக்காரம்மா என்போம். அவருக்கு ஒரு மகள், மகளைவிடச் செல்லமாக லில்லி என்று ஒரு பொமரேனியன். பஞ்சு மூட்டைக்குக் கண் வைத்தாற்போல வெள்ளை வெளேரென்று இருக்கும். லில்லிக்கும் மிளகுக்கும் நல்ல பழக்கம். கதவு திறந்திருந்தால் மிளகு உள்ளே போய் ஹால் சோபாவில் அவளோடு படுத்துக்கொள்வான்.

கார்த்திகை பிறந்து பனி இறங்கியதும் மிளகுக்குப் பொடுகு வந்தது. முதுகில் உப்பைத் தூவியதுபோல் வெள்ளை வெள்ளையாகச் செதில். சொறிந்தான் என்றால் எழுந்த இடத்தில் கோலமாவு கொட்டினாற்போல இருக்கும். நான் என்ன செய்தேன் என்றால், எங்கள் கோபிப் பக்கத்து வழக்கப்படி தலைக்குத் தேய்க்கிற அரப்பு இலைத்தூளைப் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டினேன். எங்கள் ஊரில் தலையில் வழிய வழிய எண்ணெய் வைத்து அரப்புப் போட்டால் ஒரு பிசுக்கு நிற்காது. நாய்க்கு எண்ணெய் வைக்காமல் வெறும் அரப்பு. அதுவும் கொதிக்கக் கொதிக்க வெந்நீர். குளிர் தாங்காதே என்று கணப்புச் சட்டிப் பக்கத்தில் படுக்க வைத்துக் காய வைத்தேன். பொடுகு கூடியது. கூடியதும் இன்னும் நன்றாகக் குளிப்பாட்டினேன். நடுவில் ஒருநாள் தேங்காய் எண்ணெய் தடவிப் பார்த்தேன். பாதியை நக்கினான், மீதியை வீட்டுக்காரம்மாவின் சோபாவில் துடைத்துவிட்டு வந்தான்.

வீட்டுக்காரம்மா பின்கட்டு வாசலில் வந்து நின்றார்.

"ஏனம்மிணி, உங்க நாய்க்குச் சொறி புடிச்சிருக்குது. என்ற லில்லிக்கு ஒட்டிக்கிட்டா யாரு பாக்கறது? தை பொறந்தா புள்ளயப் பொண்ணு பாக்க கோயமுத்தூர்ல இருந்து வர்றாங்க. அதுக்குள்ள நாய எங்கயாச்சும் விட்ருங்க. இல்லீன்னா வேற ஊடு பாத்துக்கங்க."

குன்னூரில் அந்த வாடகைக்கு வேறு வீடு கிடைக்காது. ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரர் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பர்லியார்ல பழக்கடை வெச்சிருக்கறாரே, அவருகிட்ட விட்ரலாம். அங்க குளிரு கம்மி. அவனுக்கும் நல்லதுதான்."

நியாயமான பேச்சு. அதனாலேயே எனக்கு அழுகை வந்தது. மிளகை விட்டுவிட்டு அந்தப் பின்கட்டில் பகல் முழுக்க நான் யாரோடு இருப்பேன்?

மறுநாள் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். பூச்சியும் இல்லை, படையும் இல்லை, வெறும் வறட்சி என்றார். இப்படி அடிக்கடி குளிப்பாட்ட வேண்டாம், அரப்பும் மனுஷர் சோப்பும் ஆகாது, நெருப்புப் பக்கம் படுக்க விடாதீர்கள், தினமும் சீவி விடுங்கள், சாப்பாட்டில் மீன் எண்ணெய் மாத்திரை போடுங்கள் என்று பொறுமையாகச் சொன்னார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு ஊசிகூடப் போடவில்லை. இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே என்று சொல்ல ஒரு டாக்டரா என்று முனகிக்கொண்டே வந்து, அன்றைக்கே வெந்நீர் வைத்தேன்.

அந்த வெந்நீர் வேளையில்தான் டீ மேக்கர் வந்து சேர்ந்தார். கடைச் சாவியோ எதுவோ கொடுத்துவிட வந்தவர். மிளகைப் பார்த்ததும் அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். முதுகு முடியில் ஒரு பிடியை விலக்கி, இரண்டு விரலால் செதிலை எடுத்து, உள்ளங்கையில் வைத்து நசுக்கி, மோந்து பார்த்தார். நல்லவேளை, நாக்கில் வைக்கவில்லை.

"ஓவர் ஃபயர்" என்றார்.

"என்னதுங்க?"

"இலைய அளவா வாட்டோணும், அளவாக் காய வெக்கோணும். சூடு ஏறிப் போச்சுன்னா எல பொசுங்கிப் பொடியா உதுரும். இதும் அதேதான். தோலுல இருந்த எண்ணெயெல்லாம் அரப்புல போயிருச்சு. மிச்சத்தக் கணப்புல காய வெச்சுட்டீங்க. இத எத்தன நாளா பண்றீங்க அம்மிணி?"

நான் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகம், எங்கள் டீத்தூளைத் துப்பிய அன்றைக்கு இருந்த மாதிரி ஆகிக்கொண்டே வந்தது.

"டாக்டருகிட்டப் போனீங்களா?"

"போனனுங்க. ஒண்ணுமே பண்ணல. குளிக்க வெக்காத, நெருப்புக்கிட்ட உடாத, மீன் எண்ணெய் குடுன்னுட்டு அனுப்பிச்சுட்டாரு."

"அப்பறம் எதுக்கு இந்த வெந்நீரு? அதானே வைத்தியம்! அந்த அண்டாவ எறக்குங்க மொதல்ல."

டாக்டர் மெதுவாகச் சொன்னதை இவர் அதட்டிச் சொன்னார். எனக்கு அதட்டல்தான் ஏறியது. நாய்களைப் பற்றி இவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். ஃபேக்டரி நாய்களெல்லாம் குளிருக்கு, இலையைக் காய வைக்கிற ட்ரையர் மெஷின் வாசலில்தான் படுக்குமாம். எல்லாம் முதுகில் பொடுகோடு திரியுமாம். தூளில் ஒரு நாய் முடி விழுந்தாலும் கெடுவது டீ மேக்கர் பெயர் அல்லவா? அதனால் அவற்றை விரட்டி விரட்டிச் சீவிவிட்டே கற்றுக்கொண்டாராம். மறுநாள், சாம்பிள் தட்டிலிருந்து தூளைக் கூட்டி எடுக்கும் மெத்தென்ற பிரஷ் ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். ஃபேக்டரியிலிருந்து அவர் எடுத்து வந்த ஒரே சாமான் அது.

மார்கழி முழுக்க மிளகைக் காலையும் மாலையும் சீவினேன். கணப்புக்கும் அவனுக்கும் நடுவில் கோணிச் சாக்கை மறைப்பாகக் கட்டினேன். ஹாலுக்குள் போகாதபடி கயிற்றிலேயே வைத்திருந்தேன். மீன் எண்ணெய் மாத்திரை வாசத்தில் எனக்கே இரண்டு நாள் சோறு இறங்கவில்லை, அவன் மட்டும் தட்டை நக்கி நக்கித் தேய்த்தான். டீ மேக்கர் ஒன்றுவிட்டு ஒருநாள் வந்து முடியை விலக்கிப் பார்ப்பார். "பரவால்ல" என்றுகூடச் சொல்ல மாட்டார். "நேத்தைக்கு இன்னைக்கு மோசமில்ல" என்பார். பொங்கல் வருவதற்குள் மிளகின் முதுகு மழையில் நனைந்த தார் ரோடு மாதிரி பளபளத்தது.

பெண் பார்க்க வருவதற்கு இரண்டு நாள் முன்னால் வீட்டுக்காரம்மா சோபா உறையைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். மெரூன் வெல்வெட் உறை. அதன்மேல் வெள்ளை வெள்ளையாகச் செதில்.

"நல்லாயிருச்சு நல்லாயிருச்சுன்னீங்களே, இது என்னதுங்க? நாளைக்குக் காலைல இந்த நாய் இங்க இருக்கப்படாது."

"அக்கா, ஒரு மாசமா மிளகு உங்க ஹாலுக்குள்ள காலே வெக்கலீங்க."

"அப்ப இது வானத்துல இருந்து உழுந்துச்சா?"

  பிரஷும் கையுமாக மிளகின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டீ மேக்கர் எழுந்தார். உறையை வாங்கி ஒரு சிட்டிகை எடுத்து நசுக்கிப் பார்த்தார். காலரிலிருந்து குடையைக் கழற்றினார். மிளகையும் கூட்டிக்கொண்டு முன்வாசலுக்குப் போய், குடையை விரித்துத் தரையில் தலைகீழாக வைத்தார்.

"தேயில கறுப்பு, அதனால வெள்ளக் காயிதத்துல போட்டுப் பாப்போம். இது வெள்ள. இதக் கறுப்புலதான் பாக்கோணும்" என்றார்.

முதலில் மிளகைக் குடைமேல் குனிய வைத்துச் சீவினார். நாலைந்து முடி விழுந்தது, அவ்வளவுதான். அதற்குள் லில்லி, சீவிவிடுகிற சுகத்தைப் பார்த்துவிட்டு, தானாகவே வந்து குடைக்குள் ஏறிப் படுத்துக்கொண்டாள். அவளை அவர் பிரஷால் இரண்டு இழுப்பு இழுத்தார். அவளைத் தூக்கி வெளியே விட்டார்.

குடைக்குள் ஊட்டி உறைபனி.

"யாரும் மூச்சு உடாதீங்க. நகருதான்னு பாக்கோணும். நகந்துச்சுன்னா பூச்சி. நகரலீன்னா வறட்சி."

வீட்டுக்காரம்மா, அவர் மகள், நான், டீ மேக்கர் எல்லோரும் தலையோடு தலை முட்டக் குடைக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றோம். பொடுகு நடக்கிறதா என்று மூச்சை அடக்கிக்கொண்டு பார்க்கிற நிலைமை எனக்கு வருமென்று கோபியில் யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"நகரல" என்றார் டீ மேக்கர். "லில்லி ஹீட்டருக்கு முன்னால படுக்குதுங்களா?"

"அங்கயேதானுங்க கெடக்குது" என்றாள் மகள். "அம்மா வாரத்துக்கு ரெண்டு தடவ வாசன சோப்புப் போட்டுக் குளிக்க வெச்சு, ட்ரையர் போட்டுக் காய வெப்பாங்க."

"ட்ரையர் வேறயா?" என்று கேட்ட அவர் குரலில் உண்மையிலேயே வலி தெரிந்தது.

வீட்டுக்காரம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "என்ற லில்லிக்குப் பொடுகுங்கறீங்களா?"

"பொடுகேதானுங்க. டாக்டருகிட்ட ஒருக்காக் காட்டிருங்க, அவரும் இதேதான் சொல்லுவாரு. வெள்ள நாயில வெள்ளப் பொடுகு கண்ணுக்குத் தெரியாது. கறுப்புல தெரிஞ்சுது, அது மாட்டிக்கிச்சு."

 உண்மை தெரிந்துவிட்டால் குடியிருப்பவருக்கு நல்லது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வீட்டுச் சொந்தக்காரரைக் குற்றவாளியாக நிறுத்தியபின் அந்த வீட்டில் எத்தனை நாள் இருக்க முடியும்? வீட்டுக்காரம்மா உறையைத் திரும்ப வாங்கி, மடிப்பதும் பிரிப்பதுமாக நின்றார். மிளகோடு நானும் சட்டி பானையோடு என் வீட்டுக்காரரும் ரோட்டில் நிற்கிற காட்சி எனக்குத் தெரிந்தது.

"உள்ள வாங்க. டீ குடிச்சிட்டுப் போலாம்" என்றார் வீட்டுக்காரம்மா. அழைப்பு மாதிரி இல்லை, வழக்கு விசாரணைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருந்தது.

டீ ஃபிளாஸ்கிலிருந்து வந்தது. அந்த அம்மாளின் டீயை நான் அறிவேன். விடிகாலையில் தூளையும் பாலையும் சர்க்கரையையும் சுக்கையும் ஒன்றாகப் போட்டு, அடுப்பில் வைத்து மறந்து, பிறகு நினைவு வந்து, ஃபிளாஸ்கில் ஊற்றிச் சாயங்காலம் வரை வைத்துக் குடிப்பது. செருப்புத் தைக்க ஊறவைத்த தோல் மாதிரி ஒரு வாசம் அடிக்கும். அவருக்கோ அதில் பெருமை தாங்காது.

டம்ளரை டீ மேக்கர் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார்.

"கோயமுத்தூர்க்காரங்களுக்கும் இதேதான் குடுக்கப் போறேன். எல்லாத்தையும் கரெக்டாச் சொல்றீங்களே, இதையும் சொல்லுங்க. எப்படி இருக்குது?"

 இந்த மனிதர் சம்பந்தி வீட்டில் சொன்னவர். சோறு போட்ட முதலாளியின் முன்னாலேயே சொன்னவர். அவர் டம்ளரைச் சாய்த்து நிறத்தைப் பார்த்தார். மோந்தார். குல்லாவுக்குக் கீழே நெற்றி சுருங்கியது. முடிந்தது, பர்லியார்தான் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அவர் வாசல் பக்கம் திரும்பினார். படியில் மிளகு உட்கார்ந்து, லில்லியின் காதை நக்கிக்கொண்டிருந்தான்.

டீ மேக்கர் டம்ளரை வாயில் வைத்து ஒரே மூச்சில் குடித்தார். எந்த டீயையும் உறிஞ்சித் துப்பியே நான் பார்த்திருந்த மனிதர். தொண்டை ஏறி இறங்குவது தெரிந்தது. வெறும் டம்ளரைக் கீழே வைத்தார்.

"நல்லா இருக்குதுங்கம்மா" என்றார்.

வீட்டுக்காரம்மாவின் முகம் அப்படியே மலர்ந்தது. "நீங்களே சொல்லிட்டீங்கன்னா அப்பறம் என்ன!" என்று மகளைப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "ரெண்டு நாயும் இருக்கட்டும் அம்மிணி. லில்லியையும் சேத்து இவரே வந்து பாக்கட்டும்" என்றார்.

கேட் வரைக்கும் அவருடன் போனேன். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. மடக்கி எடுத்துவந்த குடையை வெயிலுக்கு விரித்தார். தட்ட மறந்துவிட்டார் போலிருக்கிறது, லில்லியின் பொடுகு முழுக்க அவர் குல்லாவிலும் தோளிலும் கொட்டியது. அவர் அதைக்கூடக் கவனிக்கவில்லை.

"ஏனுங்க, நெசமாலுமே டீ நல்லா இருந்துச்சுங்களா?" என்று கேட்டேன்.

"இன்னொருக்காக் கேக்காதீங்க அம்மிணி" என்றார். "ரெண்டாந்தடவைக்கு எனக்கு வராது."

ஆனால் வந்தது, வாராவாரம். லில்லியைச் சீவ அவர் வரும்போதெல்லாம், "நம்ம டீ மேக்கருக்கு என்ற டீன்னா உசுரு" என்று சொல்லி வீட்டுக்காரம்மா ஃபிளாஸ்கைத் திறப்பார். பெண் பார்க்க வந்தவர்களெல்லாம் டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் பெண்ணைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிப் போனார்கள். அவர்களுக்கு அந்தச் சலுகை இருந்தது. இவர் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு "நல்லா இருக்குதுங்கம்மா" என்பார். டீ மேக்கர் தன் மகள் வீட்டோடு இருக்க மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிப் போகும்வரைக்கும் அதைக் குடித்தார். மிளகு அந்தப் பின்கட்டிலேயே கிழவனாகி, முகவாயில் நரை விழுந்து, என் காலடியிலேயே போனான்.

வீட்டுக்காரம்மாவின் டீயைக் குடித்துவிட்டு அவர் நேராக எங்கள் பின்கட்டுக்கு வருவார். வாயைக் கொப்பளித்துவிட்டு, "நீங்க ஒரு டீ போடுங்க அம்மிணி" என்பார். நான் தண்ணீரைத் தனியாகக் கொதிக்க வைத்து, தூளைப் போட்டு மூடி வைத்து, வடிகட்டி, அவர் சொல்லிக்கொடுத்தபடியே செய்து கொண்டுபோய்க் கொடுப்பேன். ஒரு வாய் உறிஞ்சுவார். வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு, "தூளு ஒரு சிட்டிகை ஜாஸ்தி" என்பார். என் டீயை அவர் ஒருநாளும் நல்லா இருக்கிறது என்று சொன்னதே இல்லை. அதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.